கூட்டாகவும் தனித்தனியாகவும்

'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்ற தொடரை நான் முதன்முதலில் பார்த்தது 2018 ஜூன் மாதம், ஒரு வங்கிக் கிளையின் மேசையில். படிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அந்த வரியின் மேல் என் கண் நின்றது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அங்கேதான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். கடன் ஒன்பது லட்சம். வாங்குபவன் என் சித்தப்பா மகன். ஜாமீன் இரண்டு பேர், நானும் அவனுடைய மச்சினனும். ஆக மூன்று பேர். நாளைக்கே ஏதாவது ஆனாலும் ஆளுக்கு மூன்று லட்சம். என்னால் தாங்க முடியும். போட்டேன் கையெழுத்தை.

நான் பொள்ளாச்சிப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் ஆள் என்பதால் சொந்தத்தில் யாருக்குக் கடன் என்றாலும் முதலில் கேட்பது என் சம்பள ரசீதைத்தான். தம்பி கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தான். பம்ப் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பான். கை சுத்தமான வேலைக்காரன். புது மெஷின் ஒன்று போட வேண்டும் என்று வந்தவன், "அண்ணா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான், நீங்க வந்து நின்னாப் போதும்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனும் அப்படித்தான் நம்பினான். நான் வருடா வருடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதுபவன். 'கியாரண்டர்' என்பதையும் அந்த மாதிரிதான் எடுத்துக்கொண்டேன். இவன் நல்லவன், எனக்குத் தெரிந்தவன், ஏமாற்ற மாட்டான் என்று ஒரு பெரிய மனுஷன் சொல்வது. ஊரில் பம்புக்கும் மிக்சிக்கும் 'கியாரண்டி' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்தான் இது என்ற நினைப்பு.

பதினான்கு பக்கம் இருந்தது. முதல் பக்கம் முத்திரைத்தாள், மற்றவை வெள்ளைத் தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி. அதிகாரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கொடுக்க, நான் குறி இருந்த இடத்தில் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் இரண்டு சொற்கள் புரியவில்லை. 'ஹியரின்ஆஃப்டர்', 'நாட்வித்ஸ்டாண்டிங்'. கேட்டேன். "அதெல்லாம் லீகல் லாங்குவேஜ் சார், எல்லாப் பத்திரத்திலயும் வரும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த இரண்டு சொற்களும் என்னை ஒன்றும் செய்யவில்லை. என்னைக் கட்டிப்போட்டவை எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துத் தாண்டிப்போன சொற்கள். இத்தனை நாள் மனசில் அறுத்துக்கொண்டே இருந்து, இன்று இதை எழுத உட்காரவைத்ததும் அதுதான்.

2020 மார்ச்சுக்குப் பிறகு பட்டறைகளுக்கு என்ன ஆனது என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பிக்கு ஆர்டர் நின்றது. அந்த மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டத் தேவையில்லை என்று ரிசர்வ் வங்கி அவகாசம் கொடுத்தபோது, 'மாரடோரியம்' என்ற சொல்லை அவன் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டான். அந்த ஆறு மாத வட்டியும் அசலோடு ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் வங்கி தவணைக் காலத்தை நீட்டிக் கொடுத்தது. அதற்குப் பிறகும் அவனால் முடியவில்லை. 2021 நவம்பரில் எனக்குப் பதிவுத் தபால் வந்தது. மூன்று பேர் பெயர் போட்டு, பாக்கி 7,46,000 ரூபாய், பதினைந்து நாளுக்குள் கட்டவும் என்று.

கால்குலேட்டரை எடுத்து மூன்றால் வகுத்தேன். 2,48,667. வங்கிக்குப் போன் போட்டு, "என் பங்கை நான் கட்டிடறேன்ங்க, மத்த ரெண்டு பேர்கிட்ட நீங்க வாங்கிக்குங்க" என்றேன். அந்த முனையில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், இதுல உங்க பங்குன்னு ஒண்ணு இல்லைங்க. மூணு பேருக்கும் முழுத் தொகைதான். யார் கட்டினாலும் சரி."

சுவரைத் தள்ளினால்

என்னிடம் பத்திரத்தின் நகல்கூட இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று கேட்கத் தோன்றவில்லை. கிளையில் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் அலைந்து ஜெராக்ஸ் வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு என் பழைய மாணவி ஒருத்தியிடம் போனேன். பொள்ளாச்சி நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை. அன்று நான் அவள் மேசைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தாள். எதுவும் பேசவில்லை. நான்காவது பக்கத்தில் ஒரு சொல்லுக்கு அடியில் கோடு போட்டுத் தாளை என் பக்கம் திருப்பினாள்.

"சார், இந்த 'செவரலி'யை நீங்க என்னன்னு எடுத்துக்கிட்டீங்க?"

"செவரல்னா பல. பல பேர் சேர்ந்துன்னு நெனச்சேன்மா."

"அந்த செவரல் வேற மாதிரி ஆயிடுச்சு சார். இது 'செபரேட்'டோட சொந்தம். 'செவர்'னா வெட்டிப் பிரிக்கிறது, அதே குடும்பம்தான். ஜாயின்ட்லின்னா மூணு பேர்கிட்டயும் சேர்த்துக் கேக்கலாம். செவரலின்னா உங்களை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்து முழுசையும் கேக்கலாம். ரெண்டும் அவங்க கையில. தமிழ்ப் பத்திரத்துல 'கூட்டாகவும் தனித்தனியாகவும்'னு எழுதுவாங்க."

கூட்டாகவும் தனித்தனியாகவும். இந்தத் தமிழை நான் எத்தனையோ பத்திரங்களில் பார்த்திருக்கிறேன். அன்று அந்தத் தாளில் இது தமிழில் இருந்திருந்தால் 'தனித்தனியாகவும்' என்ற இடத்தில் என் பேனா நின்றிருக்கும். தனித்தனியாக என்றால் எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்டிருப்பேன். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்திருக்கும்.

நான் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு சொன்னாள். "சார், நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. ஒருத்தன் நாள் முழுக்கச் சுவரைத் தள்ளினாலும், சுவர் நகரலைன்னா அவன் வேலை செய்யலைன்னு. நாங்க எல்லாம் சிரிச்சோம். நீங்க, 'வீட்டுல வேலைன்னு சொல்றது வேற, இந்தப் புத்தகத்துக்குள்ள வேலைன்னு சொல்றது வேற, உள்ள வரும்போது வீட்டு அர்த்தத்தைச் செருப்பு மாதிரி வெளியே விட்டுட்டு வாங்க'ன்னு சொன்னீங்க. சட்டக் கல்லூரியில முதல் வருஷம் எனக்கு அதுதான் சார் கை கொடுத்தது."

இருபது வருடத்துக்கு மேலாக நான் சொல்லிக்கொண்டிருந்த பாடம் அது. விசை, வேலை, திறன் எல்லாமே தெருவில் ஓர் அர்த்தம், இயற்பியலில் ஓர் அர்த்தம். விசையும் இடப்பெயர்ச்சியும் சேர்ந்தால்தான் வேலை என்று பலகையில் எழுதி, பிள்ளைகளை எழுந்து நின்று சுவரைத் தள்ளவிட்டுக் காட்டுவேன். ஒரு துறைக்குள் நுழைந்தால் சொல்லுக்கு அந்தத் துறை என்ன பொருள் வைத்திருக்கிறது என்று கேட்காமல் நகரக்கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்திருந்தும் அந்த மேசையில் கேட்கவில்லை. தினமும் ஆங்கிலப் பேப்பர் படிக்கிறவன் என்ற நம்பிக்கைதான் என் வாயை அடைத்தது என்று நினைக்கிறேன். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாத ஒருவர் ஒவ்வொரு வரியையும் கேட்டிருப்பார்.

அவள் பென்சில் மேலே போனது. 'ஷேல்' என்று வந்த இடங்களுக்கெல்லாம் வட்டம் போட்டாள். நாம் பள்ளியில் படித்த இலக்கணத்தில் 'ஐ ஷேல்', 'யூ வில்' என்று எதிர்காலம் காட்டும் சொல் அது. நடக்கப் போவதைச் சொல்வது. ஒப்பந்தத்தில் அது கட்டளை. ஜாமீன்தாரர் 'ஷேல் பே' என்றால் கட்டுவார் என்று சொல்லவில்லை, கட்டியாக வேண்டும் என்கிறது. நம் பழைய கிரயப் பத்திரங்களில் 'கடவீர்', 'கடவது' என்று முடியுமே, அந்தக் 'கட' இதற்குச் சரியான ஜோடி. பக்கத்திலேயே வங்கி 'மே' என்று வருகிறது. வங்கி செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். பதினான்கு பக்கத்திலும் 'ஷேல்' எல்லாம் எங்கள் பக்கம், 'மே' எல்லாம் அவர்கள் பக்கம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். இரண்டுமே நான்காம் வகுப்பு ஆங்கிலம்.

'டீம்டு' என்று ஒரு சொல். ஜாமீன்தாரர் 'பிரின்சிபல் டெட்டராக டீம்டு' என்று இருந்தது. பிரின்சிபல் என்றால் பள்ளிக்கூடத்தில் முதல்வர், வட்டிக் கணக்கில் அசல். இங்கே முதல் கடனாளி. 'டீம்டு' என்பதைக் 'கருதப்படும்' என்று சாதாரணமாக எடுத்துக்கொண்டால் அது யாரோ ஒருவருடைய அபிப்பிராயம் போலத் தோன்றும். சட்டத்தில் அது அபிப்பிராயமில்லை. உண்மையில் அப்படி இல்லாவிட்டாலும் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடவடிக்கை எடுப்போம் என்பது. அரசு ஊழியர்களுக்கு இது புரியும். குறிப்பாணைக்கு உரிய நாளுக்குள் பதில் வராவிட்டால் 'சொல்வதற்கு ஒன்றுமில்லை எனக் கருதப்படும்' என்று எழுதுவார்களே, அந்தக் கருதப்படும்.

இந்தக் கடன் விஷயம் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சரிசமமாக நீளும். முதலில் தம்பியைப் பிடித்துவிட்டு, அவனிடம் தேறாவிட்டால் என்னிடம் வரலாமே என்றேன். அதற்கும் பதில் இருந்தது. பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960களிலேயே இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டது. கடனாளியிடம் முயன்று தீர்த்துவிட்டு வா என்று வங்கியை நிறுத்திவைத்தால் ஜாமீன் வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும் என்பது அதன் சாரம். நானும் தம்பியின் மச்சினனும் சம அளவில் சுமக்க வேண்டும் என்ற பிரிவு 146 உண்மையில் இருக்கிறது. ஆனால் அது எங்கள் இருவருக்குள். வங்கிக்கு முன்னால் அந்தப் பங்குக் கணக்குச் செல்லாது. நான் கட்டிவிட்டு அவரிடம் பாதி கேட்கலாம், தம்பியிடம் முழுவதும் கேட்கலாம். முதலில் கட்ட வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு நம்பிக்கை வந்தது. ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடனாளிக்குக் காலம் நீட்டிக் கொடுத்தால் ஜாமீன்தாரர் விடுபடுவார் என்று அதே சட்டத்தின் பிரிவு 135 சொல்கிறது. 2020இல் வங்கி தவணையை நீட்டியபோது என்னை யாரும் கேட்கவில்லை. அவள் இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இருங்க சார்" என்று பதினோராவது பக்கத்துக்குத் திருப்பினாள். அங்கே பிரிவு எண்களே வரிசையாக இருந்தன. 133, 134, 135, 139, 141. அந்த எண்களுக்கு முன்னால் 'வெய்வ்ஸ்' என்று ஒரு வினைச்சொல்.

அந்த வரியையும் நான் 2018இல் பார்த்திருக்கிறேன். 'வெய்வ்' என்றால் நமக்கு எங்கே பழக்கம்? 'லோன் வெய்வர்', கடன் தள்ளுபடி. தேர்தல் நேரத்தில் எத்தனை முறை படித்திருக்கிறோம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் யாரோ எதையோ மன்னிக்கிறார்கள் என்று மனசு தானாகவே ஆறுதல் பட்டுக்கொண்டது. வாக்கியத்தின் எழுவாய் யார் என்று நான் பார்க்கவில்லை. எழுவாய் நான். என்னைக் காப்பாற்ற 1872இல் எழுதிவைத்த பிரிவுகளை எல்லாம் நானே விட்டுக்கொடுத்திருக்கிறேன். இன்றும் இந்த ஒரு சொல்லை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

புரியாமல் போட்டேன் என்று சொல்ல முடியாதா என்று கேட்டேன். 1934இல் ஆங்கிலேய நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கைச் சொன்னாள். வேல்ஸில் கடலோர ஊர் ஒன்றில் கபே நடத்திய ஒரு பெண், சிகரெட் விற்கும் தானியங்கி இயந்திரம் ஒன்று வாங்கினார். இயந்திரம் வேலை செய்யவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட பழுப்புத் தாளில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனை அவர் வழக்கை அடைத்துவிட்டது. படித்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை, ஏமாற்றிக் கையெழுத்து வாங்காதவரை போட்டது போட்டதுதான் என்றது நீதிமன்றம். என் வழக்கில் ஏமாற்றியவர் யாரும் கிடையாது.

அப்பாவின் புரோநோட்டு

அன்று வீடு திரும்பும்போது அப்பாவின் ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். நிலக்கடலை போட்டவர். கடன் கொடுத்திருக்கிறார், அதைவிட அதிகமாக வாங்கியிருக்கிறார். எங்கள் திண்ணையில் புரோநோட்டு எழுதியதை நான் சின்ன வயதில் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதத் தெரிந்த ஒருவர் எழுதுவார். எழுதி முடித்ததும் உரக்கப் படிப்பார். 'தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது அசலும் வட்டியும் சேர்த்துச் செலுத்தி...' என்று போகும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். 'வேண்டும்போது' என்ற இடம் வந்தால் கையைத் தூக்கி நிறுத்துவார். "அறுவடைக்கு முன்னாடி கேக்க மாட்டீங்களே?" என்பார். எதிரே இருப்பவர் ஏதாவது சொல்வார். பேசி முடித்த பிறகுதான் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து.

அந்த 'வேண்டும்போது'தான் ஆங்கிலத்தில் 'ஆன் டிமாண்ட்'. என் ஜாமீன் பத்திரத்திலும் இருந்தது. டிமாண்ட் என்றால் எனக்கு சந்தைக்கு வந்த தக்காளிதான் நினைவுக்கு வரும், தேவை அதிகமானால் விலை ஏறும் என்ற டிமாண்ட். கேட்ட மாத்திரத்தில் கட்ட வேண்டும் என்ற கத்தி அதற்குள் இருப்பது கண்ணில் படவில்லை. ஐந்தாம் வகுப்பு படித்த அப்பா ஒரு சொல்லில் கை தூக்கினார். இரண்டு பட்டம் வாங்கிய நான் தூக்கவில்லை. அப்பா சாமர்த்தியசாலி என்பதால் மட்டும் அல்ல. அவருக்குப் படித்துக் காட்டினார்கள், அதுவும் அவருடைய பேச்சில். எனக்குப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தமிழில் இருந்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்', 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு' என்று நம் கிரயப் பத்திரங்களும் ஒரு காடுதான். ஆனால் அந்தக் காட்டில் புரியாத சொல் புரியாததாகவே நிற்கும். நம் வீட்டுச் சொல்லின் முகமூடியோடு வராது. அதனால் கேட்போம்.

கிர்மிட்

ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொன்னபோது எங்கள் வரலாற்று ஆசிரியர் மறுநாள் ஒரு தாள் கொண்டுவந்தார். பிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த காலத்து ஒப்பந்தத்தின் நிபந்தனைகள். 1879இல் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் போனது. 1903 முதல் சென்னையிலிருந்தும் போயின. வட ஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் போனார்கள். அவர்கள் விரல் ரேகை வைத்த தாளின் பெயர் 'அக்ரிமென்ட்'. அது வாயில் புழங்கிப் புழங்கி 'கிர்மிட்' ஆனது. போனவர்கள் கிர்மிட்டியர் ஆனார்கள். ஒரு சட்டச் சொல் அவர்களுக்கு இனப்பெயராகவே ஒட்டிக்கொண்டது.

நிபந்தனைகளைப் படித்தேன். ஐந்து வருடம். நாளுக்கு ஒன்பது மணி நேரம், சனிக்கிழமை ஐந்து மணி நேரம். ஆணுக்கு ஒரு ஷில்லிங்குக்குக் குறையாத கூலி, அன்றைய மதிப்பில் பன்னிரண்டு அணா. பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ், ஒன்பது அணா. ஊரில் கிடைத்ததோடு வைத்துப் பார்த்தால் கண்ணை இழுக்கும் தொகை. அடுத்த வரியில் 'டாஸ்க்' வருகிறது. கூலி நாள் கணக்கிலும் இருக்கலாம், டாஸ்க் கணக்கிலும் இருக்கலாம். டாஸ்க் என்றால், நல்ல திடகாத்திரமான ஒரு சாதாரண ஆண் ஆறு மணி நேரம் விடாமல் செய்தால் முடியக்கூடிய வேலை. செய்து முடித்த ஒவ்வொரு டாஸ்க்குக்கும்தான் ஒரு ஷில்லிங். முடியாவிட்டால்?

டாஸ்க் என்பது எவ்வளவு எளிய சொல்! நம்மூரில் வயலைக் காண்டிராக்டுக்கு விடுவது போலத்தான் கேட்பவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் திடகாத்திரம் என்பது யார் கணக்கு, அளவுச் சங்கிலியில் எத்தனை நீளம் வெட்டினால் ஒரு டாஸ்க் என்பதைத் தோட்டத்து ஆள்தான் அளந்தார். அளவு கூடக்கூட, தாளில் இருந்த பன்னிரண்டு அணா கைக்கு வராமலே போனது. அந்த முறை ஒழிந்து, 1920 ஜனவரி 1இல் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் ரத்தானது நீண்ட போராட்டத்துக்குப் பிறகு.

என் ஏழு லட்சத்தை அவர்களுடைய ஐந்து வருடத்தோடு வைத்துப் பேசுவது தப்பு. அவர்கள் வாழ்க்கையையே கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தபோது, 'டாஸ்க்' என்ற இடத்தில் ஒரு ரேகை பதிந்த விரல் என் விரலைத் தொட்ட மாதிரி இருந்தது.

வரலாற்று ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். இந்த ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆங்கிலத்தில் 'இண்டெஞ்சர்' என்று பெயர். பல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். பழைய காலத்தில் ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு தடவை எழுதி, நடுவில் ரம்பப்பல் போல வளைத்து வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்களாம். பிற்பாடு சண்டை வந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்துவைத்துப் பல்லுக்குப் பல் பொருந்துகிறதா என்று பார்ப்பது. அப்படியென்றால் அந்தப் பெயருக்குள்ளேயே இருவர் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பது இருக்கிறது. நான் ஒரு வாரம் அலைந்து வாங்கிய ஜெராக்ஸ் ஞாபகம் வந்தது.

ஒரு பிரதி

கடன் ஒருவழியாக முடிந்தது. வங்கியோடு பேசி ஒரே தவணையில் முடித்துக்கொள்ள 5,80,000 என்று ஒத்துக்கொண்டார்கள். தம்பி மெஷினை விற்றான். மீதிக்கு நான் சேமநல நிதியிலிருந்து முன்பணம் எடுத்தேன். மச்சினன் முடிந்ததைக் கொடுத்தார். தம்பி இப்போது வேறொரு கம்பெனியில் வேலைக்குப் போகிறான். மாதம் பிறந்தால் முதல் தேதி என் கணக்கில் எட்டாயிரம் போட்டுவிட்டு, "போட்டுட்டேங்ணா" என்று ஒரு மெசேஜ் அனுப்புகிறான். அதற்கு மேல் நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. முன்பெல்லாம் அப்படி இல்லை.

2024 அக்டோபர் முதல், புதிதாகக் கொடுக்கும் தனிநபர் கடன்களுக்கும் சிறுதொழில் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரங்களை ஒரு தாளில், வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுத்து, விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று எழுதி வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நல்ல காரியம். கேட்டு வாங்குங்கள். ஆனால் அது கடன் வாங்குபவருக்கு. பக்கத்து நாற்காலியில் சம்பள ரசீதோடு உட்கார்ந்திருக்கும் ஜாமீன்தாரருக்கும் இதே மாதிரி தமிழில் ஒரு தாள் வேண்டும். பணம் அவர் கையில் ஒரு ரூபாய்கூட வரப்போவதில்லை, பொறுப்பு மட்டும் முழுசாக வருகிறது. அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இப்போதெல்லாம் பள்ளியில் யாராவது கடன் படிவம் கொண்டுவந்தால் நான் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிடுகிறேன். போன ஜூனில் ஒரு அம்மா வந்தார். மகன் எங்களிடம் பன்னிரண்டாவது முடித்தவன். இன்ஜினியரிங் இடம் கிடைத்திருந்தது, கல்விக்கடன் நான்கு லட்சத்துக்குள். அந்தத் தொகைவரை வெளி ஜாமீன் கேட்பதில்லை, ஆனால் பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். "கார்டியன் கையெழுத்து எங்கே போடணும்னு காட்டுங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். படிவத்தில் 'கோ-பாரோயர்' என்று இருந்தது. பென்சிலை எடுத்து அதன் அடியில் கோடு போட்டேன்.

"அம்மா, இது கார்டியன் கையெழுத்து இல்லீங்க. இந்தக் கடனை உங்க பையனும் நீங்களும் சேர்ந்து வாங்குறீங்க. கூட்டாகவும் தனித்தனியாகவும்."

அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப இவனுக்கு வேலை கிடைக்கலைன்னா நான் கட்டணுமா சார்?"

"ஆமாங்கம்மா. முழுசும்."

எதுவும் சொல்லவில்லை. படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். பையனின் படிப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தார். குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து இருந்தது. பையனையும் கூட்டி வந்திருந்தார். அவனை என் முன்னால் நிறுத்தி, "நீங்க சொன்னதை அப்படியே இவனுக்கும் ஒருவாட்டி சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். கிளம்பும்போது அந்த அம்மா பையைத் திறந்து, மடங்காமல் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த இன்னொரு கட்டை எடுத்துக் காட்டினார்.

"எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்துட்டேன் சார். இது எங்க வீட்டுல இருக்கும்."